வராமல் போன நஷ்டம்

தேவிகாபுரத்துக்கு நான் போனது பட்டுப்புடவை எடுக்க. அக்கா பெண்ணுக்குக் கல்யாணம். தறிக்காரர் வீட்டுக்கே போய் வாங்கினால் விலை சல்லிசாக இருக்கும் என்று யாரோ அக்காவிடம் சொல்லிவிட்டார்கள். பி.காம் படித்த தம்பி வேறு எதற்கு இருக்கிறான்? அனுப்பிவிட்டாள்.

ஆரணிக்குத் தெற்கே இருக்கிற ஊர். பெரியநாயகி அம்மன் கோயில், பக்கத்தில் குன்றின்மேல் கனககிரீஸ்வரர். தெருவுக்குள் நுழைந்தால் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். புடவை பேரம் முடிந்து, திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தேன். நல்ல சித்திரை வெயில்.

பக்கத்துச் சந்தில் ஒரு கறவை மாடு கட்டியிருந்தது. காதில் மஞ்சள் கம்மல் மாதிரி ஒரு பிளாஸ்டிக் வில்லை. 12 இலக்க எண். மாட்டுக்கும் ஆதார்! வீட்டு ஆயா தண்ணீர் வைக்கப் போனார். எண்பதைத் தாண்டிய கிழவி. மாடு முட்டித் தள்ளியதில் பக்கெட் கவிழ்ந்துவிட்டது.

"வெக்கையில போக! சும்மா நிக்க மாட்டே?" என்று வைதார்.

பத்தாவது படிக்கிற பேரன் சிரித்தான். "வெயில் காலத்துல வெக்கையாத்தான் ஆயா இருக்கும். அதுக்கு மாடு என்ன பண்ணும்?"

ஆயா சிரிக்கவில்லை. "அந்த வெக்கை இல்லடா. அது வேற."

அப்புறம் அவராகவே சொன்னார். அவருக்குப் பத்து, பன்னிரண்டு வயது இருக்குமாம். ஏரும் வண்டியுமாக இருந்த குடும்பம். கொட்டகையில் இரண்டு உழவு மாடு, ஒரு பசு. "மொதல்ல கண்ணுல தண்ணியா வடியும் தம்பி. அப்புறம் வாயெல்லாம் புண்ணு. புல்லைக் காட்டினா மூஞ்சியத் திருப்பிக்கும். அப்புறம் கழிச்சல். நாத்தம் தெருமுனை வரைக்கும் வரும். ஆத்தாவுக்குக் கூழ் ஊத்துனோம். வேப்பிலை கட்டுனோம். ஒரே வாரம். மூணும் போயிடுச்சி. எங்க அப்பா அழுது நான் பாத்தது அன்னிக்கு ஒரு நாள்தான்."

மாடு போனதும் நிலம் குத்தகைக்குப் போயிற்று. பிறகு கைவிட்டே போயிற்று. அப்பா தறிக்குழியில் காலை வைத்துக் கூலிக்கு நெய்யக் கற்றுக்கொண்டார்.

நான் வாங்கிய புடவைக்குப் பின்னால் செத்துப்போன மூன்று மாடுகள் இருக்கின்றன என்று எனக்கு அதுவரை தெரியாது. சொல்லப்போனால், வெக்கை என்று ஒரு நோய் இருந்ததே தெரியாது. பேரனைச் சொல்லி என்ன பிரயோசனம்?

ஊருக்குத் திரும்பியதும் தேட ஆரம்பித்தேன். இத்தனை பெரிய கதையை எப்படி மறந்தோம் என்றுதான் முதலில் தோன்றியது.

*

வெக்கை நோய்க்கு உலகம் வைத்த பெயர் ரிண்டர்பெஸ்ட். ஜெர்மன் சொல். மாட்டுக் கொள்ளைநோய் என்று அர்த்தம். மாடு, எருமை, காட்டெருமை, மான் என்று குளம்பு பிளந்த பிராணிகள் பலவற்றையும் தாக்கும் வைரஸ். அதுவரை இந்த நோயைப் பார்க்காத மந்தைக்குள் புகுந்தால் நூற்றுக்கு எண்பது, தொண்ணூறு உருப்படிகளைக் கொண்டுபோய்விடும். தப்பிப் பிழைத்த மாட்டுக்கு ஆயுசுக்கும் மறுபடி வராது.

மனிதர்களுக்கு இது தொற்றாது. அப்பாடா என்று சொல்லிவிட முடியாது. நம் வீட்டுக் குழந்தைகளுக்கு வருகிற தட்டம்மை இருக்கிறதே, அதன் வைரஸும் மாட்டு வெக்கை வைரஸும் ஒரே மூதாதையின் வாரிசுகள். பெர்லினில் 1912-லிருந்து பாடம் பண்ணி வைத்திருந்த ஒரு நோயாளியின் நுரையீரல் துண்டை வைத்துக்கொண்டு விஞ்ஞானிகள் கணக்குப் போட்டார்கள். இரண்டும் பாகம் பிரிந்தது கி.மு. 6-ம் நூற்றாண்டு வாக்கில் இருக்கலாம் என்று 2020-ல் வெளியான அந்த ஆய்வு சொல்கிறது. மாட்டுத் தொழுவத்துக்கும் மனுஷன் படுக்கும் திண்ணைக்கும் நடுவில் ஒரு சுவர்தானே?

ஐரோப்பாவையும் இந்த நோய் சும்மா விடவில்லை. 18-ம் நூற்றாண்டில் திரும்பத் திரும்ப வந்தது. 1711 வாக்கில் ரோம் நகரத்துப் பக்கம் மாடுகள் செத்து விழுந்தபோது, போப்பாண்டவரின் வைத்தியர் லான்சிசி ஒரு யோசனை சொன்னார். நோய் கண்ட மாட்டை உடனே கொன்று புதை. மந்தையை வெளியே ஓட்டாதே. மீறினால் கடும் தண்டனை. மருந்து இல்லாத காலத்தில் அந்த முரட்டு வைத்தியம்தான் பலித்தது. 1762-ல் பிரான்ஸின் லியோன் நகரத்தில் உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி திறந்ததற்கும் இந்த நோய்தான் முக்கியக் காரணம். மாட்டு டாக்டர் என்ற உத்தியோகத்தையே உண்டாக்கிய நோய் என்று சொன்னால் தப்பில்லை.

நம் நாட்டில்? எப்போதிலிருந்து இருக்கிறது என்று சொல்ல முடியாத அளவுக்குப் பழைய விருந்தாளி. நம்ம ஊர் திமில் மாடுகள் தலைமுறை தலைமுறையாக அதோடு மல்லுக்கட்டி ஓரளவுக்குத் தாக்குப் பிடிக்கப் பழகியிருந்தன. அதில்தான் ஆபத்தும் இருந்தது. நம் மாடு கொஞ்சம் சோர்ந்த மாதிரி தெரியும். அதைக் கப்பலில் ஏற்றி அனுப்பினால், போய் இறங்குகிற தேசத்து மாடுகள் கூண்டோடு கைலாசம்.

இந்தக் கதையில் அப்படி மூன்று கப்பல் பயணங்கள் வருகின்றன.

*

முதல் பயணம், 1887 வாக்கில். ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் மசாவா துறைமுகம். இன்றைக்கு எரித்ரியாவில் இருக்கிறது. அங்கே முகாமிட்டிருந்த இத்தாலியப் படைக்காக மாடுகள் வந்து இறங்கின. அவை இந்தியாவிலிருந்து வந்தவை என்பது பரவலாகச் சொல்லப்படும் கருத்து. கூடவே வெக்கையும் இறங்கியது.

அடுத்த பத்தே வருடத்தில் அது ஆப்பிரிக்காவின் தென்முனை வரை நடந்து போய்விட்டது. வழியில் மாடு, எருமை, காட்டு விலங்கு எதையும் விடவில்லை. எத்தியோப்பியாவில் உழ மாடு இல்லை. விதைப்பு இல்லை. மழையும் பொய்த்தது. 1888 முதல் 1892 வரை நீண்ட பஞ்சத்தில் அந்நாட்டு ஜனங்களில் மூன்றில் ஒரு பங்கு மடிந்திருக்கலாம் என்று கணிக்கிறார்கள். மாட்டையே சொத்தாகவும் சோறாகவும் வைத்திருந்த மாசாய் மக்கள் ஒரே வீச்சில் ஓட்டாண்டியானார்கள். துப்பாக்கியோடு வந்த ஐரோப்பியர்களுக்குப் பாதி வேலையை இந்த வைரஸ் முன்னாலேயே முடித்து வைத்திருந்தது.

இரண்டாவது பயணம், 1920. பிரேசில் நாட்டுக்காரர்களுக்கு நம்ம ஊர் திமில் மாடுகள் மீது கொள்ளை ஆசை. வெயில் தாங்கும், உண்ணி தாங்கும். (இன்றைக்கும் பிரேசில் மேய்ச்சல் நிலங்களில் பெரும்பான்மை 'நெலோர்' இனம்தான். பழைய சென்னை மாகாணத்து நெல்லூர் பெயர்!) அப்படிப் போன மாடுகளில் சில, வழியில் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் தங்கின. பக்கத்துக் கொட்டடியில் இருந்த மாடுகளுக்கு வெக்கை ஒட்டிக்கொண்டது. அவை சந்தைக்குப் போக, நோயும் போயிற்று. ஐரோப்பா அலறியது. ஒரு தேசத்து மாட்டு நோயை இன்னொரு தேசத்துக்கு முன்கூட்டியே சொல்ல ஒரு ஏற்பாடு வேண்டும் என்று கூடிப் பேசினார்கள். 1924 ஜனவரியில் 28 நாடுகள் சேர்ந்து பாரிஸில் ஓர் அமைப்பைத் தொடங்கின. உலக விலங்கு நல அமைப்பு என்று இன்று அழைக்கப்படுவது அதுதான். ஐ.நா. சபைக்கே மூத்தது.

மூன்றாவது பயணத்துக்கு அப்புறம் வருவோம். அது நமக்கு ரொம்பப் பக்கம்.

*

ஏற்றுமதி இருக்கட்டும். உள்நாட்டில் என்ன செய்தார்கள்?

முதலில் செய்தது, பழி போட்டது. 19-ம் நூற்றாண்டின் நடுவில், வட இந்தியாவில் மாடுகள் கொத்துக் கொத்தாகச் சாகும்போது வெள்ளைக்கார அதிகாரிகள் பலர் அதை நோய் என்றே எடுத்துக்கொள்ளவில்லை. தோலுக்காக மாட்டுக்கு விஷம் வைக்கிறார்கள் என்று செத்த மாட்டின் தோலை உரிக்கும் ஒடுக்கப்பட்ட சாதியினர்மீது சந்தேகப்பட்டார்கள். வழக்கு, கைது, தண்டனை என்று போனது. விஷம் வைத்தவர்கள் யாருமே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் ஊர் ஊராகச் செத்த மாடுகளுக்கெல்லாம் சேர்த்து ஏழைகள் சிலர் பதில் சொல்ல வேண்டியிருந்தது. 1871-ல் ஹாலன் என்பவர் தலைமையிலான மாட்டுக் கொள்ளைநோய் கமிஷன் அறிக்கை கொடுத்தது. இது தொற்றுநோய், நாடு பூராவும் இருக்கிறது என்பது அரசாங்கக் காகிதத்தில் ஏறியது.

1889-ல் புனேயில் ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கினார்கள். பொறுப்பு, ஆல்ஃபிரட் லிங்கார்டு. ஊருக்கு நடுவில் இந்த மாதிரிக் கிருமியை வைத்துக்கொண்டு விளையாட முடியாதே. 1893-ல் இமயமலைச் சாரலில், குமாவுன் பகுதியில் முக்தேசர் என்கிற உச்சிக்கு ஜாகை மாற்றினார்கள். ஏழாயிரம் அடிக்கு மேலே. குளிர். சுற்றிலும் காடு. ஜிம் கார்பெட் சுட்டுக் கொன்ற முக்தேசர் ஆட்கொல்லிப் புலி உலவியது அந்தக் காட்டில்தான். வெளியே புலி, உள்ளே வைரஸ். நல்ல இடம்!

1897-ல் அங்கே ஒரு பெரிய மனிதர் வந்தார். காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த ராபர்ட் கோச். தென்னாப்பிரிக்காவில் வெக்கையோடு போராடிவிட்டு, பம்பாயில் பரவிய பிளேக்கை ஆராய இந்தியா வந்திருந்தார். செத்த மாட்டின் பித்தநீரை நல்ல மாட்டுக்கு ஊசியாகப் போடுவது அவர் முறை. ஓரளவு வேலை செய்தது. ஆனால் ஒரு மாட்டைக் காப்பாற்ற இன்னொரு மாடு சாக வேண்டும். அந்தக் கணக்கு எங்கே கட்டுப்படியாகும்?

எதிரி யார் என்பதே அப்போது தெரியாது. 1902-ல் இஸ்தான்புல்லில் நிக்கோல், ஆதில் பே என்ற இருவர், பாக்டீரியாவைத் தடுத்து நிறுத்தும் நுண்ணிய வடிகட்டியில் நோயுற்ற மாட்டின் திரவத்தை வடித்துப் பார்த்தார்கள். வடிந்து வந்ததும் மாட்டைக் கொன்றது. பாக்டீரியாவைவிடச் சின்னதாக ஏதோ இருக்கிறது. இன்றைக்கு வைரஸ் என்கிறோம்.

அடுத்து சீரம் வந்தது. நோய்க்குத் தப்பிய மாட்டுக்கு மேலும் மேலும் கிருமி ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து எடுக்கும் தெளிநீர். போட்டால் உடனே காப்பாற்றும். கொஞ்ச நாளில் அந்தக் காப்பு தீர்ந்துவிடும். கைமாற்று வாங்கிக் குடும்பம் நடத்துகிற மாதிரி.

நிரந்தர வழியைக் காட்டியது ஓர் ஆடு.

1920-களில் முக்தேசரில் இயக்குநராக இருந்தவர் ஜே.டி.எட்வர்ட்ஸ். மாட்டு வைரஸை ஒரு வெள்ளாட்டுக்குள் ஏற்றினார். அந்த ஆட்டிலிருந்து எடுத்து அடுத்த ஆட்டுக்கு. அதிலிருந்து அடுத்ததற்கு. இப்படி நூற்றுக்கணக்கான ஆடுகள். வைரஸ் ஆட்டின் உடம்புக்குப் பழகப் பழக, மாட்டைக் கொல்லும் வித்தையை மறந்துகொண்டே வந்தது. ஆனால் மாட்டின் உடம்பு அதை மறக்கவில்லை. எதிரியின் முகத்தை அடையாளம் கண்டு வைத்துக்கொண்டது. அவ்வளவுதான் தடுப்பூசி!

சென்னையிலும் இதே வேலை நடந்தது. சாண்டர்ஸ், கைலாசம் அய்யர் என்ற இருவர் 150 முறை ஆட்டிலிருந்து ஆட்டுக்கு வைரஸை நேரடியாக மாற்றிப் பார்த்து, 1936-ல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அதற்கு முன்பே, 1932-ல், சென்னையில் வெக்கை சீரம் தயாரிக்க ஒரு நிலையம் தொடங்கியிருந்தார்கள். 1940-களில் அது ராணிப்பேட்டைக்குப் போனது. இன்றும் அங்கே இருக்கிறது, கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் என்ற பெயரில்.

ராணிப்பேட்டை என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? தோல். தோல் தொழிற்சாலைகள். செத்த மாட்டின் தோலைப் பதப்படுத்தி உலகத்துக்கு அனுப்பிய ஊரில்தான், மாடு சாகாமல் இருக்க மருந்தும் தயாரானது. தேவிகாபுரத்திலிருந்து ஆரணி, ஆற்காடு தாண்டினால் ராணிப்பேட்டை. ஆயாவின் அப்பா அழுத கொட்டகைக்கு இரண்டு மணி நேரப் பயணத்தில் மருந்து இருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதன்தான் இல்லை.

*

அந்த மனிதனை 1954-ல் அனுப்பினார்கள். தேசிய வெக்கை நோய் ஒழிப்புத் திட்டம். ஐந்து வருடத்துக்குள் நாட்டின் மாடுகளில் 80 சதவிகிதத்துக்கு ஊசி போட வேண்டும் என்பது இலக்கு.

சுதந்திரம் வாங்கி ஏழு வருடம்தான் ஆகியிருக்கிறது. பெரும்பாலான கிராமங்களுக்குச் சாலை கிடையாது, மின்சாரம் கிடையாது. ஃபிரிட்ஜ் என்றால் என்ன என்றே பல ஊர்களில் தெரியாது. ஆட்டின் மண்ணீரலிலிருந்து எடுத்து, உறைய வைத்து உலர்த்திய மருந்து, சின்னக் கண்ணாடிக் குப்பியில். அதை ஐஸோடு தெர்மாஸ் ஃபிளாஸ்கில் வைத்து எடுத்துப்போக வேண்டும். தண்ணீர் கலந்து கரைத்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். இல்லையென்றால் வெறும் தண்ணீர்தான்.

ஆயாவுக்கு அந்த ஆள் ஞாபகம் இருக்கிறது. "காக்கி டவுசர். சைக்கிள்ல வந்தாரு. முந்தின நாள் தண்டோரா போட்டாங்க. பாதிப் பேரு மாட்டை ஓட்டிக்கிட்டு மலைப்பக்கம் போயிட்டாங்க. ஊசி போட்டா பால் வத்திடும், சினை கலைஞ்சிடும்னு பேச்சு. எங்க அப்பா மட்டும் போய் அந்தாளு பக்கத்துல நின்னாரு. எங்ககிட்டதான் மாடே இல்லையே! ஊர்க்காரங்ககிட்ட சொன்னாரு, 'போடுங்கடா, எங்க வீட்டைப் பாருங்கடா'ன்னு."

மாடில்லாத ஒரு மனிதர், மற்றவர் மாட்டுக்கு ஊசி போடச் சொல்லிக் கொட்டடி கொட்டடியாக நடந்திருக்கிறார். எந்த அரசாங்க அறிக்கையிலும் அவர் இல்லை.

ஆனால் விளைவு அறிக்கையில் இருக்கிறது. 1950-களின் நடுவில் நாடெங்கும் வருடத்துக்குச் சுமார் 8 ஆயிரம் இடங்களில் தலைகாட்டிய நோய், பத்தாண்டுக்குள் 300 இடங்கள் என்ற அளவுக்குச் சுருங்கியது.

இங்கேதான் நம்ம வழக்கமான வியாதி வந்தது. ஜெயித்துவிட்டோம் என்று கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தோம். மிச்சமிருந்த நோய் சந்தை சந்தையாக, மந்தை மந்தையாக ஊர்ந்துகொண்டே இருந்தது. இன்னொரு சிக்கலும் சேர்ந்தது. பால் பெருக வேண்டும் என்று ஜெர்சி, ஹோல்ஸ்டீன் கலப்பு மாடுகள் வந்தன. நாட்டு மாடு தாங்கிய ஆட்டுத் தடுப்பூசி, சீமை ரத்தம் கலந்த மாடுகளுக்குக் கொஞ்சம் முரடாக இருந்தது.

அதற்கு மருந்து கென்யாவிலிருந்து வந்தது. வால்டர் பிளவ்ரைட் என்ற ஆங்கிலேயர், வைரஸை ஆட்டில் வளர்ப்பதற்குப் பதிலாக, கன்றின் சிறுநீரக செல்களைக் கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்த்து, அதில் வைரஸைப் பழக்கினார். எந்த இன மாட்டுக்கும் போடலாம். ஆயுசுக்கும் காக்கும். செலவும் குறைவு. 1999-ல் அவருக்கு உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள். முதன்முதலில் வெக்கை ஏறி வந்து அழித்த அதே கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து அதற்கு மருந்தும் வந்தது.

*

இப்போது மூன்றாவது பயணம். 1987.

ராஜீவ் - ஜெயவர்த்தனே ஒப்பந்தம். இந்திய அமைதிப்படை இலங்கைக்குப் போனது. அந்தப் படை பற்றி எத்தனையோ புத்தகங்கள் வந்துவிட்டன. எத்தனையோ ரணங்கள் இன்னும் ஆறவில்லை. அதில் யாரும் அதிகம் பேசாத ஒன்று, படையினரின் சாப்பாட்டுக்காக இந்தியாவிலிருந்து போன ஆடுகள். இலங்கையில் 1946-க்குப் பிறகு வெக்கை கிடையாது. நாற்பது வருடத்துக்கும் மேலாக அந்த நோயையே பார்க்காத மாடுகளும் எருமைகளும். ஆடுகள் இறங்கின. வெக்கையும் இறங்கியது. மசாவாவில் நடந்தது நூறு வருடம் கழித்து, அதே மாதிரி, ஒரு படையின் சாப்பாட்டு மூட்டையோடு! போரில் அடிபட்ட ஏழை விவசாயியின் மாட்டையும் அது விடவில்லை. இலங்கை அதை மறுபடி விரட்ட 1994 ஆயிற்று.

அதே 1987-ல், இந்தப் பக்கம், விழுப்புரத்தை அடுத்த அரசூர் கிராமத்தில் ஆடுகள் செத்தன. பார்த்தால் அச்சு அசல் வெக்கை. காய்ச்சல், வாய்ப்புண், கழிச்சல். ஆட்டுக்கும் வெக்கை வருவதுண்டு என்பதால் வழக்கமாக அப்படியே எழுதிவிடுவார்கள். இந்த முறை மாதிரியை எடுத்து ஆராய்ந்தார்கள். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ஷைலா உள்ளிட்டோர் 1989-ல் முடிவை வெளியிட்டார்கள். இது வெக்கை இல்லை. அதன் ஒன்றுவிட்ட தம்பி. 1942-ல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட்டில் முதலில் தென்பட்ட வேறொரு வைரஸ். நம் ஊரில் அதற்கு ஆட்டுக்கொல்லி நோய் என்று பெயர்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். இருக்கிறது. தம்பி செய்கிற கொலையை எல்லாம் அண்ணன் கணக்கில் எழுதிக்கொண்டிருந்தால், அண்ணன் செத்துவிட்டான் என்று எந்த ஜென்மத்திலும் நிரூபிக்க முடியாது. அரசூர் ஆடுகள் அந்தக் கணக்கைப் பிரித்துக் கொடுத்தன. பிற்பாடு தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் அந்த வைரஸை வைத்தே ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி உருவாக்கியது. பெயர், 'அரசூர் 87'. ஒரு தமிழ்க் கிராமத்தின் பெயர் தடுப்பூசிக் குப்பியில்!

*

1992-ல் ஐரோப்பியக் கூட்டமைப்பின் பண உதவியோடு கடைசிச் சண்டை தொடங்கியது. இந்தியாவின் கடைசி வெக்கை நோய் 1995-ல் பதிவானது. எந்த மாநிலத்தில் என்கிறீர்கள்? தமிழ்நாட்டில்.

இதற்குப் பிறகு செய்ததுதான் எனக்கு மிகத் துணிச்சலாகப் படுகிறது. ஊசி போடுவதை நிறுத்தினார்கள். ஊசி போட்டுக்கொண்டே இருந்தால் நோய் ஒழிந்ததா, ஊசிக்குப் பயந்து பதுங்கியிருக்கிறதா என்று தெரியாது. ஆகவே நிறுத்திவிட்டு, கிராமம் கிராமமாகப் போய்த் தேடினார்கள். மாட்டு ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். வரக் கூடாத ஒன்றைத் தேடி, அது இல்லை, இல்லை என்று வருடக்கணக்கில் எழுதிக்கொண்டிருந்தார்கள். 2006-ல் வெக்கை வைரஸ் இல்லாத நாடு என்ற அங்கீகாரம் இந்தியாவுக்குக் கிடைத்தது. உலகின் கடைசி நோய் 2001-ல் கென்யாவின் ஒரு காட்டெருமையிடம் தென்பட்டதோடு சரி. 2011-ல் உலகத்திலேயே ஒழிந்தது என்று முறைப்படி அறிவித்தார்கள். பெரியம்மைக்கு அடுத்து, மனிதன் பூமியிலிருந்து துடைத்தெறிந்த இரண்டாவது நோய். இன்றுவரை மூன்றாவது கிடையாது.

2011-ல் இந்தச் செய்தியைப் படித்த ஞாபகம் உங்களுக்கு இருக்கிறதா? எனக்கு இல்லை. பத்திரிகையில் வேலை பார்க்கிற எனக்கே இல்லை.

யோசித்துப் பார்த்தால் காரணம் நான் படித்த படிப்பில்தான் இருக்கிறது. கணக்கியலில் முதல் பாடம், நடந்ததை எழுது. வரவு வந்தால் இந்தப் பக்கம். நஷ்டம் வந்தால் அந்தப் பக்கம். வராமல் போன நஷ்டத்தை எந்தப் பக்கத்தில் எழுதுவது? அதற்குப் பேரேட்டில் பத்தியே கிடையாது. சரித்திரமும் அப்படித்தான். மாடுகள் செத்தால் பஞ்சம், கலகம், கமிஷன் அறிக்கை எல்லாம் வரும். சாகாமல் இருந்தால்? ஒன்றும் வராது. தடுப்பூசி ஜெயித்த இடத்தில் ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காததை யார் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்?

மறந்தால் என்ன கெட்டுப்போய்விடும்? 2022-ல் பார்த்தோம். மாடுகளுக்குத் தோல் கழலை நோய். உடம்பெல்லாம் கட்டி கட்டியாக வந்து, ராஜஸ்தானிலும் குஜராத்திலும் செத்த மாடுகளைப் புதைக்க இடமில்லாமல் ஊருக்கு வெளியே குவித்த படங்கள். நாடு முழுக்க லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகள் போயின. 2019-லேயே ஒடிசாவில் தலைகாட்டிய நோய் அது. ஆட்டம்மைத் தடுப்பூசியைத்தான் அவசரத்துக்கு மாட்டுக்குப் போட்டார்கள். மறுபடியும் ஆடுதான் கை கொடுத்தது. அந்த நோய்க்கென்றே இந்திய விஞ்ஞானிகள் உருவாக்கிய தடுப்பூசி 2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. கோமாரிக்கு நாடு தழுவிய ஊசித் திட்டம் 2019-லிருந்து நடக்கிறது. ஆட்டுக்கொல்லியை 2030-க்குள் உலகத்தைவிட்டே ஒழிப்பது இலக்கு. மூன்றாவது நோயாக அது இருக்கலாம். இருக்க வேண்டும். அது ஏழையின் ஆட்டைக் கொல்கிற நோய்.

புடவைப் பையோடு கிளம்பும்போது ஆயாவிடம் கேட்டேன். "ஊசிக்காரர் வந்துபோனதுக்கு அப்புறம் இந்த ஊர்ல என்ன நடந்துச்சு ஆயா?"

கொஞ்ச நேரம் யோசித்தார்.

"ஒண்ணும் நடக்கலையே தம்பி," என்றார்.

பேரன் மறுபடியும் சிரித்தான். நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.